ஹில்யாவின் இரட்டை இரை

நெட்டில் என்னும் ஆற்றில் முப்பது வருடம் படகு ஓட்டிய ஹில்யா லாம்பிக்கு இடது கையில் மூன்றே விரல்கள். கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். நடுவில் இருந்த இரண்டையும் பத்தொன்பதாவது வயதில் மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில், சால்மன் மீனின் தலை வெட்டும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது தாதி அழுதாளாம். "நீ எதுக்கும்மா அழுவுற? உன் வெரலு பத்தும் பத்திரமாத்தானே இருக்கு?" என்று ஹில்யா கேட்டாளாம். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தொழிற்சாலையில் மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. ஓரிகன் மாநிலக் கடற்கரையில் போர்ட் அல்மா மாதிரியான ஊரில் தொழிற்சாலை இல்லாவிட்டால் ஆறுதான். இலையுதிர்காலத்து முதல் மழைக்குச் சால்மன் கடலிலிருந்து ஆறேறும். அதைப் பிடிக்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்களைப் படகில் ஏற்றிப்போய், மீன் கிடக்கும் மடுவைக் காட்டி, இரை கட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையை அதுவரை ஆண்கள் மட்டுமே பார்த்துவந்தார்கள். ஹில்யா பார்க்கப்போகிறேன் என்றதும் அவள் கணவன் தோய்வோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"படகு ஓட்டிடுவ, எனக்குச் சந்தேகமில்ல. இரை கட்டணுமே ஹில்? பத்து வெரல் இருக்குறவனே தடுமாறுவான்."

"கத்துக்கிட்டா போச்சு."

சொன்னது சுலபம். அந்த ஆற்றில் எடுபடுவது இரட்டை இரை. வெண்காரமும் சர்க்கரையும் உப்பும் போட்டுப் பதப்படுத்திய சால்மன் சினை பாதி, முகத்துவாரத்துச் சேற்றில் குழாயால் உறிஞ்சி எடுத்த உயிருள்ள இறால் பாதி. தூண்டில் முள்ளின் தண்டில் நைலான் நரம்பைச் சுற்றி ஒரு சுருக்கு விடவேண்டும். தளர்த்தினால் அது வாய் திறக்கும். அதற்குள் சினைத்துண்டை வைத்து இழுத்தால் இறுகும். அதற்குக் கீழே வளைவில் இறாலை வாலிலிருந்து ஏற்றி, ஓடாமலும் உடையாமலும் நிறுத்தவேண்டும். சினையை அழுத்திப் பிடித்தால் முட்டைகள் வெடித்து வெறும் தோல் மிஞ்சும். தளர விட்டால் முதல் வீச்சிலேயே பறந்துபோகும்.

ஒரு குளிர்காலம் முழுக்க ஹில்யா அடுப்படி மேசையில் உட்கார்ந்து கட்டினாள். முள்ளைக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொண்டு வலது கையால் நரம்பைச் சுற்றினாள். உதடு கிழிந்தது. நாக்கில் ஒருமுறை முள் ஏறி, தோய்வோ குறட்டால் எடுத்துவிட்டான். பிப்ரவரி வாக்கில் ஒருநாள், சினைத்துண்டை இடது கையில் விரல் இல்லாத அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தாள். தொட்டிலில் போட்ட மாதிரி கிடந்தது. கட்டைவிரல் ஒருபக்கம், மோதிரவிரல் மறுபக்கம், நசுக்க நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு முட்டைகூட வெடிக்கவில்லை. அன்று அவள் வீட்டில் ஏலக்காய் ரொட்டி சுட்டுத் தெருவுக்கே கொடுத்தாள். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பத்து வருடத்தில் அவள் படகு காலியாக வந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம், அவள் இடது கை விரல்களாலேயே. அதுதான் வினையாயிற்று.

எண்பத்து மூன்றாம் வருடம் அக்டோபரில், மீன்வளக் காவல் அதிகாரி டேல் ஆஸ்ட்ராண்டர் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். இளைஞர், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. மீன் தானா வந்து இரையைக் கடிக்கல, நீங்க முள்ளை இழுத்து வயித்துல, முதுகுல மாட்டுறீங்கன்னு."

ஹில்யாவின் காது சிவந்தது. வயிற்றில் முள் மாட்டுவது அந்த ஆற்றில் திருட்டுக்குச் சமம். உரிமம் போகும், பெயரும் போகும்.

"யாரு எழுதுனா?"

"சொல்லக்கூடாது."

"சரி, சொல்ல வேணாம். நாளைக்குக் காலைல என் படகுல ஏறுங்க ஆபீசர். சாயங்காலம் வரைக்கும் உக்காருங்க. என் கையைப் பாருங்க, முள்ளைப் பாருங்க, மீன் வாயைப் பாருங்க. எல்லாப் படகும் நிக்குற எடத்துலயே நங்கூரம் போடுறேன்."

வருவதாக இருந்த ஆட்களிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விடிந்ததும் கொல்லன் மடுவில் ஆறு படகுகளுக்கு நடுவே அவள் படகும் நின்றது. மூன்று நாள் மழை ஓய்ந்து ஆறு காப்பி நிறத்தில் ஓடியது. ஹில்யா பெரிதாகச் சினை வைத்து, முழு இறாலைச் சேர்த்துக் கட்டி ஓட்டத்தில் விட்டாள். டேல் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்குப் பக்கத்துப் படகில் கஸ் ரெட்டிக் ஒரு மீனைத் தூக்கினான். பத்து மணிக்கு இன்னொன்று. கஸ் அந்த ஆற்றில் ஹில்யாவுக்கு முன்னாலிருந்தே படகு ஓட்டுகிறவன். குரலும் வயிறும் பெரிது.

"என்ன ஹில், ஆபீசரைப் பாத்ததும் மீனெல்லாம் சட்டத்துக்குப் பயந்து ஓடிடுச்சா?"

படகுகளில் சிரிப்பு பரவியது. ஹில்யா திரும்பிப் பார்க்கவில்லை. "வாயை மூடு கஸ், சினை நாத்தத்தைவிட உன் நாத்தம் பெருசா இருக்கு" என்றாள். டேல் சிரிப்பை அடக்க நோட்டுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஆனால் பகல் பன்னிரண்டு ஆயிற்று. அவள் தூண்டில் கோல் அசையவே இல்லை. கொண்டுவந்த ரொட்டியை டேலுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு மணிக்கு டேல் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மீன் மாட்டலன்னா நான் நல்லதாவும் எழுத முடியாது, கெட்டதாவும் எழுத முடியாது. புகார் அப்படியே நிக்கும்."

ஹில்யா துடுப்பைத் தண்ணீருக்குள் நேராக இறக்கினாள். காலையில் ஒரு சாண் கீழே மறைந்த துடுப்பு இப்போது மூன்று சாண் ஆழத்திலும் தெரிந்தது. ஆறு தெளிந்துகொண்டிருந்தது. காப்பி நிறம் போய்ப் பாசிப் பச்சை ஏறியிருந்தது.

"முட்டாள் நான்!" என்று தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். "கலங்கல்ல தேடி வரட்டும்னு பெருசா கட்டுனேன். இப்போ அதுக்குக் கண்ணு தெரியுது. இவ்ளோ பெரிய மூட்டையைப் பாத்தா மிரளாதா?"

கட்டியிருந்ததை அறுத்துப் போட்டாள். மெல்லிய நரம்பு, சின்ன முள். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சினை நறுக்கி, விரலில்லாத இடைவெளியில் வைத்துச் சுருக்கை இறுக்கினாள். இறாலின் தலையைக் கிள்ளிவிட்டு வாலை மட்டும் ஏற்றினாள். முள்ளுக்கு மேலே பட்டாணி அளவு தக்கை, ஆற்றுத் தரையிலிருந்து அரை முழம் தூக்கி நிறுத்த. டேல் எழுதுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை விட்டபோது கோல் நுனி இரண்டுமுறை தலையாட்டியது. ஹில்யா இழுக்கவில்லை. கோலைத் தாழ்த்திக் கொடுத்தாள். அடுத்த கணம் கோல் வில்லாக வளைந்து, நரம்பு சுற்றிய ரீல் அலறியது. பத்து நிமிடத்தில் மீன் வலைக்குள் வந்தது. டேல் குனிந்து, விரலால் தடவிப் பார்த்து, "கடைவாய் ஓரம்" என்று எழுதினார்.

அடுத்தது பாதியில் நரம்பை அறுத்துக்கொண்டு போயிற்று. கஸ்ஸின் படகிலிருந்து உடனே குரல் வந்தது: "வயித்துல மாட்டுனா அறுக்கத்தான் செய்யும்!"

இந்த முறை யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. ஹில்யா மறுபடி கட்டினாள்.

மூன்று மணிக்கு வந்த மீன் அவளையும் படகையும் சேர்த்து ஆட்டியது. நங்கூரத்தை அவிழ்த்துவிட்டு ஓட்டத்தோடு போகவேண்டியிருந்தது. மடுவைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்; அது அந்த ஆற்று மரியாதை. நாற்பது நிமிடம். டேல் வலையை நீட்டியபோது மீன் பாதிதான் உள்ளே போனது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிப்போட்டார்கள். வெள்ளி மாதிரி மின்னிய நாற்பத்தோரு பவுண்டுப் பெண்மீன்.

டேல் அதன் வாயைத் திறந்தார். நாக்கின் அடியில் முள். அதன்மேல் இறால் வால் கலையாமல், பக்கத்தில் நாலைந்து முட்டைகள் உடையாமல். அவர் செவுளுக்குள் கையைக் கொடுத்து மீனைத் தன் நெஞ்சுவரை தூக்கி, படகுகளின் பக்கம் அதன் வாயைத் திருப்பிக் காட்டினார்.

"வாயில!" என்று கத்தினார். சீருடையில் இருக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. "எல்லாரும் பாத்துக்குங்க, நாக்கடியில!"

யாரோ துடுப்பால் படகு விளிம்பைத் தட்டினார்கள். இன்னொருவர் தட்டினார். மடு முழுக்கத் தட்டல் சத்தம் எழுந்தது. கஸ் மட்டும் தன் கோலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹில்யா உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு மட்டும் நிமிர்ந்திருந்தது.

கரையில் டேல் மெல்லக் கேட்டார்: "இப்போ வேணா சொல்றேன். யாரு எழுதுனான்னு தெரிஞ்சுக்கணுமா?"

"வேணாம் ஆபீசர். தெரிஞ்சா அப்புறம் அவன் மொகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். எனக்கு ஆத்தைப் பாக்குறதுக்கே நேரம் பத்தல."

பிறகு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, கூடியிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அந்த இரையை மெதுவாகக் கட்டிக் காட்டினாள். ஒளிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லிக் கட்டினாள். கூட்டத்தின் பின்னாலிருந்து கஸ் வந்து, "குடு, நான் பாக்குறேன்" என்றான். சினை அவன் பெரிய விரல்களுக்குள் பிதுங்கிச் சிவப்பாக வழிந்தது.

"கஸ், கூழ் காச்சவா சொன்னேன்? பதமா புடி."

"பத்து வெரலு இருந்தா இடைஞ்சலா இருக்கு ஹில்" என்றான் கஸ். அன்று முதன்முதலாக அவன் சொன்னதற்கு அவள் சிரித்தாள்.

புகாரை டேல் ஒரே வரியில் முடித்துவைத்தார். அடுத்த இலையுதிர்காலத்தின் முதல் நாள், ஹில்யா வண்டியில் படகை இழுத்துக்கொண்டு சற்றுத் தாமதமாகத் துறைக்கு வந்தாள். பதினொரு படகுகள் கரையிலேயே நின்றன. அவள் முதலில் இறக்கட்டும் என்று யாரும் தங்கள் படகை இறக்கவில்லை. யாரும் அதைச் சொல்லவும் இல்லை. காப்பி குடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹில்யா வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினாள்.

"என்னய்யா, இழவு வீட்டுல நிக்குற மாதிரி நிக்குறீங்க? மீனு உங்களுக்காகக் காத்திருக்குமா? நகருங்க!"

முதல் படகாகத் தண்ணீரில் இறங்கியது அவளுடையதுதான்.