தட்டியைத் தூக்கியது நான் இல்லை

மைதானத்தில் கோடு போடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. கோடு கோணினால் மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கும்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் மார்க்கராக இருந்தேன். மார்க்கர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். முளை அடித்துக் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு இழுக்க வேண்டும். பந்துக்குக் காற்றடிக்க வேண்டும், வலை கட்ட வேண்டும், மேய வரும் மாட்டையும் விரட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். இது அறுபதுகளில் நடந்தது. கல்லூரியின் பேரைச் சொல்ல மாட்டேன். நீங்களும் பியூனாகவோ வாட்ச்மேனாகவோ இருந்து, மேலே இருக்கிறவன் செய்ததற்குக் கீழே நின்று பதில் சொன்னவர் என்றால், இது உங்களுக்குத்தான்.

கோட்டை மிதித்தவன்

தங்கராசு நத்தம் பக்கம் புளியந்தோப்புக்காரர் மகன். பி.ஏ. படித்தான் என்று சொல்வார்கள். நான் பார்த்தவரை ஓடினான். ஓட்டத்தில் அவனை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒரு கெட்ட பழக்கம் மட்டும் இருந்தது. வளைவில் திரும்பும்போது இடது காலைப் பக்கத்துக் கோட்டின் மேல் வைத்துவிடுவான். ஈரச் சுண்ணாம்பை மிதிக்காதே என்று நான் கத்தாத நாள் இல்லை.

கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டியில் அவன்தான் முதலில் வந்தான். வளைவில் கோட்டை மிதித்தானா இல்லையா என்று நடுவருக்குச் சந்தேகம். வளைவில் நின்றவன் நான் ஒருவன்தான், என்னைக் கேட்டார். மிதித்தார் என்றேன். கோப்பை மதுரைக்காரனுக்குப் போய்விட்டது. எங்கள் விளையாட்டு மாஸ்டர் அன்றிலிருந்து ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கராசு மட்டும் வந்து பார்த்தான். அதற்குப் பிறகு அவன் தண்ணீர் குடிக்க நடந்து போனாலும் கோட்டைக் கண்டால் காலைத் தூக்கித் தாண்டித்தான் போவான். அன்றைக்கு அவன் சொன்னதை நான் மறக்கவில்லை:

"மார்க்கரே, செத்தாலும் இனிமே உன் கோட்டை மிதிக்க மாட்டேன். ஆனா ஒரு நாளைக்கு உன்னைய மிதிப்பேன்."

புயல் நிதி ஆட்டம்

கடற்கரைப் பக்கம் புயலடித்து ஊர்கள் அழிந்த சமயம். நிதி திரட்ட எங்கள் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் வைத்தார்கள். வேடசந்தூர் மில் டீமும் மதுரை டீமும் ஆடின. காசு கொடுக்காதவன் பார்க்கக் கூடாது என்று மைதானத்தைச் சுற்றித் தென்னந்தட்டி கட்டி மறைத்தோம். கட்டியவன் நான். டிக்கெட் விற்றது கால்பந்து கேப்டன் ஜோசப். வாசலில் டிக்கெட்டை வாங்கிப் பாதியைக் கிழித்துக் கொடுக்க வேண்டியவன் தங்கராசு. எள் விழ இடமில்லாத கூட்டம்.

ஆட்டம் முடிந்து எண்ணினால், பாதிக் கூட்டத்துக்குக்கூடப் பணம் இல்லை. கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டிய நிதி. பிரின்சிபால் விசாரித்தார். தங்கராசும் ஜோசப்பும் ஒரே குரலில், மார்க்கர் சவரிமுத்து மேற்குப் பக்கம் தட்டியைத் தூக்கி, காசு வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விட்டான் என்றார்கள். பட்டதாரி ஆகப் போகிற இரண்டு பேர் ஒன்றைச் சொன்னால் மூன்றாம் வகுப்போடு நின்றவன் சொல்வது எங்கே எடுபடும்? என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விஷயம் போலீசுக்கும் போனது. மாதாவின் மேல் ஆணையாக நான் தட்டியைத் தொடவில்லை என்றேன். ஏட்டையா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:

"நீ தூக்கலைன்னா, அம்புட்டு சனமும் எப்படி உள்ள வந்துச்சு? அதைச் சொல்லு, உன்னைய விட்டுர்றேன்."

புதுப் பேர்

வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. சம்பளம் நின்றபின் பேகம்பூர்ப் பக்கம் தோல் கிடங்கில் மூட்டை தூக்கினேன். ஆனால் ஊரில் எனக்கு 'தட்டித்தூக்கி' என்று பேர் வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் என் மனைவி ஆரோக்கியம் குடத்தை வைத்தால், "தட்டித்தூக்கி வீட்டுக்காரி வந்துட்டா, குடத்தைப் பாத்துக்கங்கடி" என்பார்களாம். ஒரு நாள் அவள் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். அந்தப் பேரை எடுத்தே தீர்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எந்த மைதானத்தில் அந்தப் பேர் வந்ததோ, அதே மைதானத்தில் அது போக வேண்டும்.

எனக்குப் பதில் கோடு போட வாட்ச்மேன் சோலையை விட்டிருந்தார்கள். நல்லவன்தான். அவனும் என்னை அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிட்டான். ஏனடா என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதண்ணே. சவரிமுத்துன்னு சொன்னா, அது யாருன்னு கேக்குறாய்ங்க."

வெங்காய மண்டிக்காரர்

தங்கராசு அன்றைக்கு வாசலுக்கும் டிக்கெட் மேஜைக்கும் நடுவே அடிக்கடி ஓடிக்கொண்டே இருந்தான். சில்லறை வாங்க ஓடுகிறான் என்று நினைத்தோம். சில்லறைக்காகவா அத்தனை தடவை ஓடியிருப்பான் என்ற யோசனை மூட்டை தூக்கும்போதுதான் வந்தது. அப்படியானால் டிக்கெட் வாங்கினவர்களைப் பார்க்க வேண்டும். எனக்கு யாரைத் தெரியும்? என் கோட்டை மிதித்து என்னிடம் திட்டு வாங்கினவர்களைத்தான் தெரியும். ஆட்டம் தொடங்கினபின் வந்து கோட்டின் மேலேயே நின்றவர் ஒருவர் உண்டு. ஒட்டன்சத்திரம் வெங்காய மண்டி பழனிச்சாமி. கேரளா லோடு ஏற்றிவிட்டு வரத் தாமதமாகிவிட்டது என்று அன்று சமாதானம் சொன்னார்.

பஸ் ஏறிப் போனேன். லாரிகளுக்கு நடுவே அவரைப் பிடித்து, பாதி டிக்கெட் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவர் மடியிலிருந்த பையை அவிழ்த்து ஒரு முழு டிக்கெட்டையே எடுத்தார். இவர் போனபோது வாசலில் வாங்க ஆளே இல்லையாம். அந்த டிக்கெட்டைச் சுருட்டுப் போல முறுக்கி, நடுவில் வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. நீங்கள் கட்டினதா என்றேன்.

"நான் எதுக்குங்க கட்டறேன்? விக்கையிலயே இப்படித்தானுங்க குடுத்தாங்க. புதுசு குடுங்கன்னு கேட்டேனுங்க, பந்து போட்டாச்சு போங்கன்னு தள்ளிவுட்டாங்க. காசு குடுத்ததாச்சே, எறிய மனசு வருதுங்களா?"

முறுக்குகிற கை

டிக்கெட்டில் நூல் கட்டுகிறவன் நூல் மில்லில்தான் இருப்பான் என்பதற்குப் படிப்பு வேண்டாம். வேடசந்தூர் மில் வாசலில், ஷிப்டு விடும் நேரத்தில் போய் நின்றேன். சைக்கிளும் பஸ்ஸுமாகச் சனம் வெளியே வந்தது. ஆட்டத்துக்கு வந்தவர்கள் நிறையப் பேர். தங்கள் டீம் தோற்றது என் மைதானத்துப் பள்ளத்தால்தான் என்று என்னைத் திட்டித் தீர்த்தபிறகுதான் வந்த காரியத்தைக் கேட்டார்கள். யாருக்கும் பாதி டிக்கெட் திரும்ப வரவில்லை. வாசலில் இருந்த பையன் முழுசாக வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான் என்றார்கள்.

முறுக்கிய டிக்கெட்டைக் காட்டினேன். கூட்டமே சிரித்தது. "ஏலே கருப்பையா, உன் பிள்ளைய கொண்டாந்திருக்காரு பாருடா" என்று ஒருவனை முன்னால் தள்ளினார்கள். அறுந்த நூலை இணைக்கிற வேலை அவனுக்கு. மடியில் எப்போதும் துண்டு நூல் கிடக்கும், கையில் அகப்பட்டதை முறுக்கி முடி போடாமல் அவனால் இருக்க முடியாது. அன்றைக்கு ஆட்டம் தொடங்குமுன்னே அந்த டிக்கெட்டை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போனவன் அவன். வாசலில் கொடுத்த டிக்கெட் மறுபடி மேஜைக்குப் போய், பழனிச்சாமிக்கு விலைபோயிருக்கிறது. ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு விலை, இரண்டாவது விலை அவர்கள் பையில். ஓட்டக்காரன் எதற்காக ஓடினான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கருப்பையா சாட்சி சொல்ல வருவானா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"வாரேன் அப்பு. ஏன் வராம? ஆனா சம்சாரம் முன்னாடி மட்டும் கேட்டுராதீங்க, அன்னிக்கு ஓவர்டைம்னு சொல்லிட்டுல்ல ஆட்டம் பாக்க வந்தேன்."

ஏட்டையாவின் குறுக்கு வழி

பழனிச்சாமியும் கருப்பையாவும் வாக்குமூலம் கொடுத்தபின் வழக்கு திரும்பியது. ஜோசப்பை அவன் அறையிலேயே பிடித்துவிட்டார்கள். தங்கராசு மைதானத்தில் பயிற்சியில் இருந்தான். ஆளைக் காட்ட என்னை அழைத்துப் போனார் ஏட்டையா. தொந்தியும் பெல்ட்டுமாக அவர் சைக்கிளை விட்டு இறங்கியதைப் பார்த்ததும் தங்கராசு ஓட்டம் பிடித்தான். ஏட்டையா நாலு எட்டு ஓடிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். முடிந்தது, இனி இவன் நத்தத்தில்தான் நிற்பான் என்று நானும் நினைத்தேன்.

ஆனால் அவன் வேலிப் பக்கம் போகவில்லை. ஓடுகிற பாதையிலேயே, அவனுடைய கோட்டுக்குள்ளேயே ஓடினான். வளைவு வந்ததும் வளைந்தான். சோலை போட்ட கோடு ஓரிடத்தில் மாட்டு மூத்திரம் மாதிரி நெளிந்திருந்தது. தங்கராசும் அங்கே நெளிந்து ஓடினான். கோட்டை மட்டும் மிதிக்கவில்லை. ஏட்டையா ஒரு கணம் பார்த்தார். பிறகு அவசரமே இல்லாமல் மைதானத்தின் குறுக்கே நடந்து போய், எதிர்ப்பக்கம் அவன் வந்து சேரும் இடத்தில் நின்றுகொண்டார். அவனும் முழு வேகத்தில் வந்து அவர் தொந்தியில் விழுந்தான். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏட்டையா கேட்டார்:

"ஏலே, கோட்டைத் தாண்டி ஓடுனா அதுக்குத் தனியா ஒரு கேசு போடுவோம்னு பயந்துட்டியா?"

ஒரு கூடை புளி

கோர்ட்டுக்குப் போகுமுன் தங்கராசுவின் அப்பா என் வீட்டுக்கு வந்தார். கூடவே விளையாட்டு மாஸ்டர். பின்னால் ஒரு ஆள் தலையில் புளிக் கூடை. மாஸ்டர் என்னை முதல் தடவையாக 'அண்ணே' என்று கூப்பிட்டார். தட்டியைத் தூக்கியது நான்தான், பையன்கள் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். கல்லூரி என்னை மன்னித்துவிடுமாம், வேலையும் கிடைக்குமாம். "பையன் வாழ்க்கை பாழாயிரும்ப்பா. கேசு உறுதியாச்சுன்னா நாளைக்கு ஒரு உத்தியோகம் கிடைக்காது. உனக்கு என்ன, யாரு கேக்கப் போறா?" என்றார் தோப்புக்காரர். பையனைப் பற்றிச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது உண்மைதான். அது பொய் அழுகை இல்லை. அதற்காக நான் மாறிவிடவில்லை.

முடியாது ஐயா, மாதா கோயிலுக்கு அந்தப் பேரோடு போக மாட்டேன் என்றேன். மாஸ்டர் குரலை உயர்த்த ஆரம்பித்தார். அதுவரை அடுப்படியில் இருந்த ஆரோக்கியம் வெளியே வந்து, கூடையைத் தூக்கி வந்த ஆள் தலையிலேயே திருப்பி வைத்தாள்.

"எங்க வீட்டு வெஞ்சனத்துக்குப் புளி இருக்குங்கய்யா. குழாயடிக்கு வேணா கொண்டு போங்க, அங்கதான் என் பேரு புளிச்சுக் கெடக்கு."

கோர்ட்டில்

தோப்புக்காரர் பக்கம் மதுரையிலிருந்து வக்கீலைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் என்னை விட்டுவிட்டுக் கருப்பையாவைப் பிடித்தார். நூல் மில்லில் ஆயிரம் பேர், அத்தனை பேரும் முடி போடுவார்கள், இது உன் முடி என்று எப்படிச் சொல்வாய் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். கருப்பையா "எனக்குத் தெரியுமுங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வக்கீல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை அலைச்சலும் வீண் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் மாஜிஸ்திரேட், அவனுக்கு அனுப்பிய சம்மனைக் காட்டச் சொன்னார். கருப்பையா கையை நீட்டினான். சம்மன் சுருட்டுப் போல முறுக்கி, நடுவில் வெள்ளை நூலால் முடி போட்டிருந்தது. கூண்டில் நின்ற நேரத்தில் செய்துவிட்டிருக்கிறான், அவனுக்கே தெரியவில்லை. மாஜிஸ்திரேட் டிக்கெட்டையும் சம்மனையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளை. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மாஜிஸ்திரேட் கருப்பையாவைப் பார்த்துச் சொன்னார்:

"சீக்கிரம் இறங்குப்பா. இன்னும் செத்த நேரம் விட்டா கோர்ட்டையே முறுக்கி முடி போட்டுருவ."

மைக்

தங்கராசுக்கும் ஜோசப்புக்கும் அபராதமும், கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும் தண்டனையும் கிடைத்தன. கல்லூரி இருவரையும் வெளியே அனுப்பியது. என்னை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. எந்த மைதானத்தில் சொன்னீர்களோ அங்கேயே மைக்கில் சொல்லுங்கள், அப்புறம் வருகிறேன் என்றேன். ஒரு மார்க்கருக்காக மைக் கட்டுவதா என்றார் மாஸ்டர். நானும் தோல் மூட்டையே தூக்கிக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்து விளையாட்டு விழா நெருங்கியது. சோலை போட்ட கோட்டைப் பார்த்த வெளியூர் மாஸ்டர்கள், இதில் எங்கள் பையன்கள் ஓட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மைக்கில் சொல்கிறேன் என்று பிரின்சிபால் வாக்குக் கொடுத்தபின் நான் போய்க் கோடு போட்டேன். விழாவன்று பிரின்சிபாலே மைக்கைப் பிடித்து, தட்டியைத் தூக்கியது சவரிமுத்து இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆரோக்கியம் குழாயடிக்காரிகள் அத்தனை பேரையும் கூட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தாள்.

தங்கராசு பிறகு பெரிய ஆளாகி, பரிசு கொடுக்க அதே மைதானத்துக்கு வந்ததும் உண்டு. எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை, இன்றைக்கு வந்தாலும் எழ மாட்டேன். மேடைக்குப் போகும் வழியில் என் கோடு ஒன்று இருந்தது. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்து, அதைத் தாண்டித்தான் போனான். அதைப் பார்த்து என் காதில் சோலை சொன்னான்:

"தட்டித்தூக்கியண்ணே, உன் கோட்டுக்கு மட்டும் அவன் இன்னும் பயப்படுறாண்ணே!"

ஆகவே, என்னைப் போல் மைதானத்தில் வேகிறவர்களே, வெயிலிலும் மழையிலும் எத்தனை கோடு வேண்டுமானாலும் போடுங்கள், தட்டி கட்டக் கூப்பிட்டால் மட்டும் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.