குடிலுக்குத் தைத்த மெத்தை

ஊரில் அவரை மெத்தைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவர் கடைக்குள் நடந்து வருவதைப் பார்த்தே, அவருக்கு எங்கே பஞ்சை ஏற்ற வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தன் மெத்தையில் படுத்தவன் கெட்ட கனவு கண்டதாகச் சரித்திரமே இல்லை என்பார். கேட்கிறவர்கள் சிரித்தால் முகம் சுருங்கிவிடும்.

அப்படிப்பட்டவருக்கு வந்த சோதனை, மனைவி படுத்த படுக்கையானது. நுரையீரல் கெட்டுவிட்டது, இனித் தேறாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். மனிதர் அழுதார். அழுது முடித்து, நேரே கடைக்குப் போய், அதுவரை யாருக்கும் தைக்காத மாதிரி ஒரு மெத்தை தைத்தார். முதுகுக்கு ஒரு பதம், இடுப்புக்கு ஒரு பதம், குதிகாலுக்குத் தனியாக ஒரு குழிவு. அவளைத் தூக்கி அதில் கிடத்தினார். அதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தாரோ என்னவோ, அன்றிலிருந்து கடையிலேயே படுக்க ஆரம்பித்தார்.

கேட்டால், ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது என்பார். சுத்தப் பொய். அவளுடைய இருமலைக் கேட்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அறையின் மருந்து நெடியும், இருமி ஓய்ந்ததும் அவள் தன்னைப் பார்க்கிற பார்வையும் அவரால் தாங்க முடியவில்லை. பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்தார். தினமும் காலையில் அறை வாசலில் நின்று, மெத்தை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். நன்றாக இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்பாள் அவள். இதோ வருகிறேன் என்று நழுவிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மட்டும், அவளுக்கு நல்ல தூக்கத்தைக் கொடு சாமி என்று உருகி உருகி வேண்டுவார். அவள் தூங்கினால் இவருக்கு நிம்மதி. சாமிக்கு அது தெரியாதா என்ன?

வருஷாவருஷம் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்போது, குழந்தை இயேசுவுக்கு மெத்தை தைத்துக் கொடுப்பவர் அவர்தான். இந்த வருஷம் மனதில் இருந்த பாரத்தையெல்லாம் அதற்குள் திணித்தார் போலிருக்கிறது. சிவப்பு வெல்வெட், தலையணை, இரண்டு பக்கமும் திண்டு என்று அது பெருத்துக்கொண்டே போனது. முடித்ததும் மனைவிக்குக் காட்டக் கொண்டுவந்தார். அன்றும் வாசலில் நின்றுதான் காட்டினார்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை வைக்கோல்லதாங்க படுத்திருந்துச்சு. ஆனா பெத்தவங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே இருந்தாங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "எனக்கு மெத்தை போதுங்க. நீங்க வந்து உக்காருங்க."

அவருக்குச் சுருக்கென்றது. நோயாளி ஏதோ சொல்கிறாள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, மெத்தையைக் கோயிலில் சேர்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் சலவைச் சட்டையோடு கோயிலின் முன்வரிசையில், தானே தைத்த திண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே குடில். மெத்தை அமர்க்களமாக இருந்தது. குழந்தை அதில் புதைந்து கிடந்தது. இடம் போதாமல் மாதாவைச் சுவரோரம் ஒண்டவைத்திருந்தார்கள். குழந்தையின் தகப்பன் சூசையப்பரைக் காணோம். கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினார். குடிலுக்கு வெளியே, ஆடுகளுக்கும் பின்னால், கையில் தடியோடு அவர் தனியாக நின்றிருந்தார்.

சூசையப்பரை அங்கே தள்ளியது வேறு யாருமில்லை, தன் மெத்தைதான் என்று மெத்தைக்காரருக்கு விளங்கியது. பாதிப் பூசையில் எழுந்தார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் காலை ஒதுக்கி வழிவிட்டார். திண்டை எடுக்கக்கூடத் தோன்றாமல், அவர் வெயிலில் வேகுவேகு என்று வீட்டுக்கு நடந்தார்.

பார்த்துக்கொள்ளும் அம்மா வாசலிலேயே எதிர்ப்பட்டார். காலையிலிருந்து நினைவு தப்பித் தப்பி வருகிறது, கடைக்குத்தான் ஓடி வரப் பார்த்தேன் என்றார். பண்டிகை நாளில் உங்கள் பிள்ளைகளோடு இருங்கள் என்று அந்த அம்மாவை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மெத்தைக்காரர் அறைக்குள் போனார். ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருமல் வந்தது. அவர் எழுந்து ஓடவில்லை. அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் துடைத்துவிட்டார். வேண்டிக்கொள்ள நினைத்தார். பழைய ஜெபம் நாக்கில் வரவில்லை. "இங்க வா சாமி" என்று மட்டும் சொன்னார்.

அவள் கண்ணைத் திறந்தாள். பார்வை அவர் மேல் பட்டது, ஆனால் நிற்கவில்லை.

"புதுசா வேலைக்கு வந்தவரா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினார்.

"எங்க வீட்டுக்காரர் கடையில வேலையா இருப்பார். பாவம், கூப்பிடாதீங்க. மெத்தை ரொம்ப சுகமா இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேம்மா."

அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கையை விடவில்லை. மதியத்துக்கு மேல், அவள்தான் விட்டாள்.