நாலாவது தலை

திருத்தணி மலையடியில் நாற்பது அறை லாட்ஜ், அரக்கோணம் ரோட்டில் அரிசி மில், மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனி மாடிவீடு. எல்லாம் மூன்றாம் கிளாஸ் தாண்டாதவன் கட்டியது. என் கையெழுத்தை ஒழுங்காகப் போடவே எனக்கு முப்பது வயசாயிற்று. லாட்ஜ் வாசலில் பிள்ளைகள் ஒரு கல் பதித்திருக்கிறார்கள்: 'பர்மாவிலிருந்து எங்கள் குடும்பத்தைக் கூட்டி வந்தவன் முருகன்.' கூட்டி வந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எனக்கு ஒன்பது வயசு. நைனா, அம்மா, நான், நாலு வயசுத் தங்கச்சி. கால்நடையாக ஊருக்குக் கிளம்புமுன் அம்மா மஞ்சள் துணியில் காலணா முடிந்து, நாலு பேரும் ஊர் சேர்ந்தால் திருத்தணியில் நாலு தலை மொட்டை என்று வேண்டிக்கொண்டாள்.

பாதி வழியில், மலைக்காட்டில், தங்கச்சி வாந்திபேதியில் போய்விட்டாள். நைனா மூங்கிலால் பள்ளம் தோண்டி மூடினார். அம்மா அந்த மண்மேட்டை விட்டு எழவில்லை.

"எழுந்திருடி. கூட வந்தவங்க எல்லாம் போய்க்கினே கீறாங்க."

"நீங்க போங்க. பாப்பா தனியா இருக்கும்."

நைனாவும் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் மூளை வேலை செய்தது.

"அம்மா, மயில் வந்துச்சும்மா! நான் பாத்தேன். பாப்பாவ ஏத்திக்கினு போச்சு. திருத்தணி மலையில இறக்கி வுடுமாம். நீ வந்து கூட்டிக்கணுமாம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீங்கி வெடித்திருந்த என் காலைப் பார்த்தாள். எழுந்து, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஊர் வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் மலையேறினோம். 'எங்கடா பாப்பா?' என்று கேட்பாளே என்று படிக்குப் படி எனக்கு உதறல். அவள் கேட்கவேயில்லை.

மூன்று மொட்டையும் முடிந்தது. அம்மா மறுபடி போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, மழிச்ச தலையையே நீட்டறே?"

"நாலு தலை வேண்டிக்கினேன். இது என் பொண்ணுது. கத்தியை வைய்யா."

வைத்தார். ரத்தம் கசிந்தது. மூன்று பேரைக் கொண்டு சேர்த்த முருகனுக்கு நாலு தலை. அவனும் வாங்கிக்கொண்டான்.

என் பொய் பலித்துவிட்டது, அம்மா கேட்க மறந்துவிட்டாள் என்று நான் பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன். மயிலை நம்பியவள் அந்த மலையில் மகளைத் தேடியிருப்பாள், அவளுக்காகத் தன் தலையைக் கொடுத்திருக்க மாட்டாள் என்பது ஒன்பது வயசுக்கு எட்டவில்லை. பின்னே காட்டில் எதற்காக எழுந்தாள் என்பதும் எட்டவில்லை.

எப்படியானாலும் அந்தக் காட்டில் வாயைத் திறந்தவன் நான். முருகன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பார்க்க வருகிறவர்களால்தான் என் லாட்ஜ் நிரம்புகிறது, தெரியும். இருந்தாலும் பிள்ளைகளே, அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டு வேறு கல் வையுங்கள். மேலே அம்மா பேர், கீழே என் பேர். அவன் பேர் வேண்டாம்.