எண்ணெய்ச் சிரட்டை

என் மேசையில் குண்டூசிகள் போட்டு வைத்திருக்கும் கிண்ணத்தைப் பார்ப்பவர்கள் அதைக் கருங்காலியில் கடைந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பாதித் தேங்காய்ச் சிரட்டை. பத்து வருடம் மோட்டார் சைக்கிள் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போனது. அதற்கு அந்த வேலையைக் கொடுத்தவர் என் மாமி, மனைவியின் தாய்.

நான் அமிர்தகழிப் பக்கத்தவன். எங்கள் வழக்கப்படி, அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் பனிச்சங்கேணியில் மனைவி வீட்டுக்குக் குடிபோனேன். அந்தக் காலத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். அது பகையல்ல, மரியாதை. நான் முற்றத்தில் நிற்க, மாமி கதவு நிலைக்குப் பின்னால் நின்று, “புள்ள, அவருக்குத் தண்ணி வாத்து வச்சிரிக்கு எண்டு சொல்லு” என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் மனைவி அதையே திருப்பி எனக்குச் சொல்வாள். மனைவி இல்லாத நேரத்தில் மாமி பூனையோடு பேசுவார். “சோறு ஆறுது. சாப்பிடுற ஆக்கள் சாப்பிட்டா நல்லம்.” பூனை அசையாது, நான் எழுந்துபோய்ச் சாப்பிடுவேன். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை, பழகிவிட்டது.

மலேரியாக் காய்ச்சல்காரர்களின் வீடுதேடிப் போய் இரத்தம் எடுப்பது என் உத்தியோகம். அதற்காக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் தந்திருந்தார்கள். தார் றோட்டுக்காகச் செய்த வண்டியல்ல. மணலிலும் வயல் வட்டைகளுக்கு நடுவே போகும் வண்டில் பாதைகளிலும் முனகாமல் ஓடும். இயந்திரம் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் தடித்த கம்பளித் துணியில் வளையமாக எயர் பில்டர். சனிக்கிழமைதோறும் அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, பிறகு இயந்திர எண்ணெயில் தோய்த்து, எலுமிச்சை மரக் கொப்பில் கொழுவி வடியவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில்தான் தூசி ஒட்டும். உலர்ந்த துணி ஒன்றையும் மறிக்காது. இதை எனக்கு முதல் நாளே சொல்லித்தான் வண்டியைக் கையில் தந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பகல் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கொப்பில் அது இல்லை. வண்டியின் இருக்கையில், சுளகொன்றின் நடுவில், பஞ்சுபோல வெளுத்துக் கிடந்தது. மாமி அதைச் சவர்க்காரம் போட்டு, கல்லில் அடித்துத் தோய்த்து, வெயிலில் காயவைத்திருந்தார். மருமகன் கறுத்த எண்ணெய்த் துணியோடு மாரடிக்கிறான், பாவம் என்று நினைத்திருப்பார். அடுப்படியின் மறைப்புத் தட்டிக்கு அப்பால் அவர் நின்று பார்ப்பது தெரிந்தது. அவர் கண்முன்னே அந்த வெள்ளைத் துணியை மறுபடி எண்ணெயில் முக்க எனக்குக் கை வரவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போய்க் கந்தோரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே மாட்டினேன். திங்கட்கிழமை மறந்துபோனேன்.

மறுசனியும் அதுவே நடந்தது. மனைவியிடம், அதற்கு எண்ணெய் இருக்க வேண்டும், அம்மாவிடம் பக்குவமாகச் சொல் என்றேன். சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது: “அவருக்கு மிச்சம் சந்தோசமாம்மா.” தாயின் மனம் நோகக்கூடாது என்று அவள் நினைத்தாள். அவள் மீது பழி போட்டு நான் தப்ப முடியாது. பில்டர் ஒவ்வொரு வாரமும் வெள்ளையாகவே வந்தது, ஒவ்வொரு வாரமும் நான் அதை அப்படியே மாட்டினேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் சோம்பல்தான்.

அது அறுவடைக் காலம். வட்டை முழுக்கச் சூடடிப்பு, காற்றில் பதரும் தூசியும். வண்டி நீலமாகப் புகை விடத் தொடங்கியது, உதைத்தால் உடனே பிடிக்காது. மனைவிக்கு அப்போது நிறைமாதம். பேறு பார்க்கும் மருத்துவமாது நாலு மைல் கட்டைக்கு அப்பால் இருந்தார். வண்டி வாசலில் நிற்கும்போது என்ன கவலை என்று இருந்தோம். சொன்ன நாளுக்குப் பத்து நாள் முந்தி, ஒரு காலையில் அவளுக்கு நோவு கண்டது. வண்டி எப்படியோ கிளம்பியது. வட்டையின் நட்டநடுவில், சூடடிக்கிற களத்துக்குப் பக்கத்தில், இருமி இருமி நின்றுவிட்டது. உதைத்தேன், தள்ளினேன். கால் மிதியில் எதிர்ப்பே இல்லை. அதை அங்கேயே சாய்த்துவிட்டு ஓடினேன். மருத்துவமாதைக் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டிலில் திரும்பியபோது உச்சி வெயில்.

பெண் குழந்தை. அது அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. மாமி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்திருந்தார். “கொஞ்சம் முந்தி வந்திருந்தா...” என்று தொடங்கிய மருத்துவமாது, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். மனைவி பிழைத்தாள்.

புதைத்துவிட்டு வந்து வேலியோரம் நின்றேன். களத்து ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எலுமிச்சையின் கீழ் விட்டிருந்தார்கள். மாமி கதவு நிலையைத் தாண்டி முற்றத்துக்கு வந்தார். பூனை இல்லை, மனைவி இல்லை. என் முகத்தைப் பார்த்து, “தம்பி, அது என்னத்தால நிண்டது?” என்று கேட்டார். அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

“பெற்றோல் முடிஞ்சிற்று மாமி” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அந்தப் பொய்யைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

எட்டாம் நாள் வாழைச்சேனையிலிருந்து வந்த மெக்கானிக் முற்றத்திலேயே இயந்திரத்தைப் பிரித்தான். ஊருக்கே கேட்கும் குரல் அவனுக்கு. “சிலிண்டர் தேஞ்சே போச்சு ஐயா. எல்லாம் தூசி திண்ட வேலை. இந்தப் பில்டருக்கு எத்தின மாசமா எண்ணெய் போடல்ல? சவர்க்காரம் போட்டுத் தோய்ச்ச துணி தூசியப் பிடிக்குமா?” மெதுவாகப் பேசு என்று கை காட்டினேன். அவன் கவனிக்கவில்லை. பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தரையில் வைத்தபோது உள்ளே பெற்றோல் அலம்பும் சத்தமும் கேட்டது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மறுபடி தொடங்க வெகு நேரம் ஆயிற்று.

மெக்கானிக் புதிய கம்பளி வளையம் ஒன்று தந்துவிட்டுப் போனான். சனிக்கிழமை அதை எண்ணெயில் தோய்த்துக் கொப்பில் கொழுவிவிட்டு, குளிக்கப் போகாமல் மரத்தடியிலேயே நின்றேன். மாமி வந்தார். பில்டரைத் தொடவில்லை. கையில் கொண்டுவந்த சிரட்டையைக் குனிந்து அதன் நேர் கீழே வைத்தார். சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துக் கொஞ்சம் நகர்த்தினார்.

“எண்ணெய் வீணா நிலத்தில சிந்துது மனே” என்றார்.

குழந்தையைப் புதைத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அப்போது வந்தது. அவர் அதைப் பார்க்காதவர்போல உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு, சாகும்வரை, மாமி என்னோடு நேரே பேசியதில்லை. பழையபடி மனைவிக்கும் பூனைக்குமே சொன்னார். சனிக்கிழமைகளில் மட்டும், நான் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுக்கும் முன்பே, சிரட்டை மரத்தடியில் இருக்கும்.

பிறகு பிறந்த எங்கள் மகனின் வண்டியில் கடதாசி பில்டர். அழுக்கானால் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுகிறான், ஐந்து நிமிட வேலை. போன வாரம் என் மேசையைத் துடைத்தவன், “அப்பா, இந்தச் சிரட்டை கையெல்லாம் ஒட்டுது. எறிஞ்சிட்டு நல்லதொண்டு வாங்கட்டா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவனுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது தெரியும். வண்டி எதனால் நின்றது என்று அவனும் ஒரு தடவை கேட்டிருக்கிறான். பெற்றோல் முடிந்துவிட்டது என்றுதான் அவனுக்கும் சொல்லியிருக்கிறேன்.