ஒரு பேரும் விடாமல்

என் ஞாபகசக்தியை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். “இந்தப் பொண்ணுக்கு வாய்ல போட்டதுதான் உள்ள நிக்கும். காதுல போட்டதெல்லாம் வெளிய வந்துடும்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வாள். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஒன்பது வயதில் வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அப்பா உபதேசியார். கல்வராயன் மலை அடிவாரத்தில் காலனியை ஒட்டி ஓடு போட்ட சின்ன சர்ச், அதற்குப் பின்னால் எங்கள் வீடு. அந்தச் சபையை உண்டாக்கியவர் பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்திலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா. ஊரில் அவருக்குத் தொரசாணி என்று பேர். தமிழை வேதப் புத்தகத்திலிருந்து படித்தவர். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நின்று, “ஐயனே, இந்த வண்டி எப்பொழுது புறப்படும்?” என்று கேட்பார். “கூத்துல ராஜா எறங்கி வந்து டிக்கெட் கேக்கற மாதிரி இருக்குது” என்று கண்டக்டர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே முன் சீட்டைத் துண்டால் தட்டி உட்காரச் சொல்வார்.

இருபது வருஷம் அந்த அம்மா வெயிலில் நடந்த நடைக்குக் கிடைத்தது இருபத்தேழு பேர். கோமுகி ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொருவராக முழுக்கி எடுத்துப் புதுப்பெயர் வைத்தார்கள். கடைசி ஆள் கரையேறியதும் தொரசாணி நனைந்த புடவையோடு நின்று சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார். அந்த இருபத்தேழு பெயர்களையும் எழுதித் தன் தேசத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு கிராமத்தில் தினமும் அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபம் பண்ணுகிறார்களாம். “உங்கள் நாமங்கள் பனியில் நடந்துபோகின்றன, மகளே” என்று என்னிடம் சொன்னார். எனக்குக் குளிரே எடுத்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபத்திலும் அந்தப் பெயர்கள் வந்தன. சொல்வது என் வேலை. மாரிமுத்து என்கிற மோசே, அஞ்சலை என்கிற அன்னாள், தனலட்சுமி என்கிற ரூத் என்று பழைய பெயரும் புதிய பெயருமாக மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன்.

மூன்றாவதாக வருகிற தனலட்சுமி அக்காதான் தினமும் எனக்குச் சடை பின்னுவாள். அம்மா பால்வாடி டீச்சர்; காலையில் அவளுக்கு ஊர்ப் பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கவே நேரம் போதாது. காலனியில் முதன்முதலாக பிளஸ் டூ பாஸ் பண்ணியது அக்கா. நர்சுப் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். வெள்ளிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியும் பக்கத்தில் ஒரு சர்ச்சும் கட்டத் தொரசாணி கருங்கல் அஸ்திவாரம் போட்டு வைத்திருந்தார். மலை ஜனங்கள் ஊசிக்குப் பயந்தவர்கள். தெரிந்த முகமாக ஒரு நர்சு வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும் என்பது அவர் நம்பிக்கை. படிப்புக்கு இடம் கிடைக்க அக்காவுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

அதில்தான் சங்கடம். மலைமேல் இருப்பவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவர்களுக்குரிய சலுகை போகாது. அடிவாரத்தில் காலனி ஜனங்கள் கிறிஸ்தவர் என்று எழுதினால் போய்விடும். அதனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், சர்ச்சில் ஒரு பெயர். வெயிலுக்குத் துண்டு, மழைக்குக் கோணி என்பதுபோல அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம், விசுவாசி தன் பெயரைச் சொல்ல வெட்கப்படக் கூடாது என்பதுதான்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. டீக்கடையில் யாருக்கு எத்தனை பங்கு என்பதைத் தவிர வேறு பேச்சும் இல்லை. மலைக்குப் போன தொரசாணியும் அப்பாவும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள் பட்டப்பகலில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அக்காவின் சான்றிதழுக்காக விசாரிக்க வந்த ஆபீஸ்காரர். மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கித் தாண்டி வந்ததில் சட்டையெல்லாம் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். நல்ல மனிதர். எத்தனாவது படிக்கிறாய், என்ன வரும் என்று விசாரித்தார். ஒப்பிக்க வரும் என்றேன்.

“எங்க, ஒண்ணு சொல்லு பாப்போம்.”

எனக்கு மிகச் சுத்தமாக வருவது எதுவோ அதைச் சொன்னேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது பெயரில் கண்ணைத் திறந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, “மெதுவா, மொதல்லேர்ந்து சொல்லு பாப்பா” என்றார். பரீட்சை வைக்க வருகிற ஐயாக்களும் அப்படித்தான் கேட்பார்கள். நான் கைகட்டி நின்று, ஒவ்வொரு பெயரும் தனித்தனியாகக் காதில் விழும்படி சொன்னேன். முடித்ததும் அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். “எங்க வூட்டுப் பொண்ணுக்கு இவ்ளோ ஞாபகம் கெடயாது” என்று எழுந்தார். நான் ஊற்றி வைத்த இரண்டாவது டம்ளர் தண்ணீர் அப்படியே இருந்தது.

மரங்களை அப்புறப்படுத்தி, பஸ் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் அக்காவின் மனு திரும்பி வந்தது. ஆபீசில் அவள் அப்பாவுக்குக் காரணத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்: தனலட்சுமி என்கிற ரூத்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்காவின் அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தொரசாணி முன்னால் வந்து நின்றார். “எங்க பேர வெட்டிடுங்கம்மா. சாமிய வுட்டுடல. பேர மட்டும் வெட்டிடுங்க.”

“மகனே, எழுதினதை நான் எப்படி அழிப்பேன்?”

“நீங்க அழிக்க வாணாம்மா. ஒரு கோடு போட்டுடுங்க, போதும்.”

தொரசாணி சபைப் பதிவேட்டைத் திறந்து கோடு போட்டார். பேனா சறுக்கி, கோடு கீழே இருந்த பெயரின்மேலும் இறங்கிவிட்டது. அந்தப் பெயர்க்காரர் மறுவாரம் வந்து, “எனுக்கும் போட்டுட்டீங்க போல, அப்பிடியே இருக்கட்டும்” என்றார். மழைக்காலம் முடிவதற்குள் இருபத்தேழில் ஆறு மிஞ்சியது. கோடு போட்டும் சான்றிதழ் வரவில்லை.

ஆள் கணக்குக் காட்டுவதற்காக உபதேசியாரே பதிவேட்டை ஆபீசில் கொடுத்துவிட்டார் என்று காலனியில் பேச்சு எழுந்தது. அப்பா பதிவேடு இருந்த பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் என்னிடம், “இனிமே பேர் சொல்லாம ஜெபம் பண்ணு” என்றார். பெயர் சொல்லாவிட்டால் ஆண்டவருக்கு ஆள் எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அப்பா விளக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுவருஷம் தொரசாணி உடம்புக்கு முடியாமல் தன் தேசத்துக்கே போனார். அவர் வெள்ளிமலையில் போட்ட அஸ்திவாரத்தில் மலை ஜனங்கள் சாமை காய வைத்தார்கள். நல்ல சமமான இடம். அப்பா அந்தப் பழியோடேயே மாற்றலாகி, அந்தப் பழியோடேயே காலமும் ஆனார். அக்கா கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு ஊர் ஊராகப் போனாள் என்று கேள்விப்பட்டேன்.

மனு திரும்பி வந்த மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல எனக்குச் சடை பின்ன வந்தாள். எண்ணெய் தடவி, வகிடு எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கு அந்த ஆபீஸ்காரரு உங்க வூட்ல தண்ணி குடிச்சிக்கினு இருந்தத பாத்தேன். அவர்கிட்ட இன்னா சொன்ன பாப்பா?”

“எல்லாப் பேரும் சொன்னேன்க்கா. ஒண்ணுகூட வுடல.”

சீப்பு நின்றது.

“என் பேரு?”

“மூணாவது.”

சீப்பு மறுபடி ஓட ஆரம்பித்தது. சடையைப் பின்னி முடிக்கும்போது, “இத யார்கிட்டயும் சொல்லாத. உங்கப்பாகிட்டகூட” என்றாள்.

செய்த நல்லதைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். அன்றைக்கு அவள் பின்னிய சடை இறுகிப்போய், சாயங்காலம் வரை நெற்றிப்பொட்டு வலித்தது. எனக்கு வருத்தமெல்லாம், அத்தனை பெயரையும் தப்பில்லாமல் சொன்னதற்கு அக்கா ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லையே என்பதுதான்.