காய்ந்த சவுக்குகளும் அடியிலிருந்த கன்றுகளும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். வீராம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த சவுக்குத்தோப்பு போன வருஷம் காய்ந்துபோனது. அடியிலிருந்த கன்றுகள் மட்டும் பச்சையாக நின்றன.

காய்ந்த மரங்களை விறகுக்கு வெட்ட ஆட்கள் வந்தார்கள்.

"நிக்கட்டும்பா. உப்புக்காத்தத் தடுக்குதில்ல?" என்றேன்.

"செத்த மரம் காவல் காக்குமா, ஆயா?" என்று சிரித்தான் ஒருவன்.

"அது செத்தும் காக்குது. நீ உசுரோட இருந்து என்னத்தடா காத்த?"

வெட்டிவிட்டார்கள். ஐப்பசியில் கடல்காற்று அடித்ததும் கன்றுகளின் நுனி கருகியது. கழி நட்டு என் புடவைகளை மறைப்பாகக் கட்டினேன், கிழிந்து பறந்தன. இன்று காலை கடைசிக் கன்றைத் தொட்டேன். ஒடிந்து கையோடு வந்தது.

எனக்குத் தெரிந்த எழுத்தில் இதையெல்லாம் எழுதிவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, இத ஒரு தரம் படிச்சுக் காட்டு. கன்னுங்க வர்ற எடத்துல மெதுவாப் படி."