ஆறிய எஞ்சின்

போர் முடிந்த மறு ஆண்டு, ஓட்டமாவடியில் ஒரு வியாபாரியின் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய டீசல் கார் ஒன்றைப் பார்க்கப் போனேன். மனைவிக்கு எட்டாம் மாதம். எங்கள் ஊர் மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். முதல் பிள்ளைக்குப் பிரசவ நோவு கண்டபோது அது அக்கரையில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தும் பிள்ளை தங்கவில்லை. எனக்கு வேண்டியது, பாதைக்குக் காத்திராமல் வாவியைச் சுற்றித் தரைவழியே போக, எந்த நேரத்திலும் ஒரே முறுக்கில் ஸ்டார்ட் ஆகும் வாகனம்.

மனைவியின் தம்பி கூட வந்தான். மெக்கானிக். அவன் காரைச் சுற்றி வருவதற்குள் நான் தொடங்கிவிட்டேன். சீற்றைத் தூக்கினேன். டிக்கியில் கிடந்த மேலதிக டயர்ச் சில்லைக் கழற்றினேன். கதவுகளின் உட்புறத்தைத் தட்டிப் பார்த்தேன். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருந்த இலக்கத்தை இலக்கத் தகட்டோடு இரண்டு தரம் ஒப்பிட்டேன்.

“மச்சான், கார் வாங்க வந்தீங்களா, குண்டு தேட வந்தீங்களா?” என்றான் மைத்துனன்.

“இனி என்ட ஐடென்டிட்டி கார்டையும் கேப்பார் போல,” என்றார் வியாபாரி.

செய்திக்காக அலைந்த ஆண்டுகளில் சோதனைச் சாவடிகளில் இறங்கி நின்று கற்ற முறை அது. வாகனத்தைப் பார்க்க எனக்கு வேறு முறை தெரியவில்லை. எஞ்சின் மூடியை நான் தொடவே இல்லை.

அவன் தொட்டான். “சூடாக் கிடக்கே, காக்கா,” என்றான் வியாபாரியிடம்.

“மகள ஸ்கூல்ல உட்டுட்டு இப்பதான் வந்த.”

“ஓம், சூட்டில எந்தக் கிழட்டு டீசலும் ஸ்டார்ட் ஆகும். ஆறட்டும், மறுகா பாப்பம்.”

காத்திருந்த நேரத்தில் அவன் கால்விரிப்பைக் கிளப்பி மணல் தேடினான். சுனாமியில் மூழ்கிய வாகனங்கள் கழுவிப் பூசப்பட்டு விலைபோன காலம். மணல் இல்லை, சீற்றுத் தண்டவாளத்தில் துருவும் இல்லை. தேநீர் வந்தது. நான் படலைக்கும் காருக்கும் நடந்தேன். வாங்கியாச்சா என்று மனைவி இரண்டு தரம் போனில் கேட்டாள். ஒவ்வொரு தரமும் மூடியில் கையை வைத்தேன்.

“கைய வெச்சு வெச்சு நீங்களே சூடாக்கிருவீங்க, தம்பி. இரிங்க,” என்றார் வியாபாரி.

பகல் சாப்பாடு முடிந்து மைத்துனன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமி அடங்கியது. இரண்டாம் முறை வெண்புகையோடு பிடித்தது.

“ஆறின எஞ்சினச் சூடாக்கிற ஹீட்டர் பிளக் ஒண்டு செத்திட்டு. வேற பிழையில்ல,” என்றான் மைத்துனன்.

வியாபாரியே கடைக்குப் போய்ப் புதியது வாங்கி வந்தார். பூட்டியதும் முதல் முறுக்கிலேயே பிடித்தது. ஆனால் எஞ்சின் அப்போதும் இளஞ்சூடு. மறுபடி ஆறும்வரை இருந்தால் பொழுது பட்டுவிடும். வாங்கிவிட்டேன்.

வீடு வரும்வரை எங்கேயும் நிறுத்தவில்லை. பெற்றோல் செட்டில் டீசல் அடித்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வாசலில் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“நிப்பாட்டுங்களன், புகை வருது.”

நிறுத்தினேன். உள்ளே வரச் சொன்னாள். எஞ்சின் ஆறட்டும் என்றேன்.